வயதான, நோயுற்ற பூனைக்கு விடைகொடுத்தல்: நான்கு வழிகள், ஓர் ஒப்பீடு

பூனைக்குப் பதினாறோ பதினேழோ வயது. சிறுநீரகம் பழுதாகிவிட்டது, வாயில் கட்டி, இதயத் தசை தடித்துவிட்டது என்று ஏதோ ஒன்றை மருத்துவர் சொல்லியிருக்கிறார். "இனி நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும்" என்ற சொல்லோடு வீடு திரும்புகிறீர்கள். அன்று இரவிலிருந்து தூக்கம் போய்விடுகிறது. இன்னும் கொஞ்சம் வைத்தியம் பார்க்கலாமா, வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளலாமா, ஊசி போட்டு அனுப்பிவிடலாமா? அனுப்புவதென்றால் மருத்துவமனையிலா, வீட்டிலா?

எங்கள் கறுப்பிக்கு 17 வயதில் சிறுநீரகம் கைவிட்டபோது நானும் இப்படித்தான் தவித்தேன். அதன் பிறகு இதே நிலையில் இருப்பவர்கள் பலர் என்னிடம் கேட்டுவிட்டார்கள். அழுகைக்கு நடுவே தொலைபேசியில் சொல்லி முடிக்க முடியாததை இங்கே நிதானமாக எழுதுகிறேன். நான் மருத்துவர் இல்லை. உங்கள் பூனையைத் தொட்டுப் பார்த்தவரின் சொல்தான் இதற்கெல்லாம் மேல். ஆனால் அவரிடம் எதைக் கேட்பது என்று தெரியாமல் போய் நிற்பதுதான் நம்மில் பெரும்பாலோரின் நிலை.

## முதலில் அளவுகோல்கள்

வழிகளை ஒப்பிடும் முன், எதை வைத்து ஒப்பிடுகிறோம் என்று தீர்மானித்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் அன்றைய மனநிலைதான் முடிவெடுக்கும்.

வலியும் மூச்சும். பூனை வலியை மறைக்கும் பிராணி. நாயைப் போல முனகாது. அலமாரிக்கு அடியில் போய் உட்காரும், குதிக்கும் இடத்தில் குதிக்காமல் நிற்கும், உடலை நக்கிச் சுத்தம் செய்வதை விட்டுவிடும். முதுகு மயிர் திரிதிரியாகச் சடை பிடிக்கும். "குர்ர்" என்று ஒலி எழுப்புகிறதே, வலி இருக்காது என்று நம்பிவிடாதீர்கள். கடும் வலியிலும் பூனை அந்த ஒலியை எழுப்பும். மான்ட்ரியல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019இல் பூனையின் முகத்தை வைத்து வலியை அளக்கும் முறையொன்றை வெளியிட்டார்கள். காது, கண், மூக்கும் வாயும் சேர்ந்த பகுதி, மீசை, தலை ஆகிய ஐந்தையும் பார்த்து ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 2 வரை மதிப்பெண் போட வேண்டும். காதுகள் பக்கவாட்டில் விலகி, கண் சுருங்கி, தலை தோளுக்குக் கீழே தொங்கினால் மதிப்பெண் ஏறும். பத்துக்கு நான்கைத் தொட்டால் வலி மருந்தைப் பற்றி யோசிக்க வேண்டும். மூச்சை எண்ணுவது இன்னும் எளிது: தூங்கும் பூனையின் மூச்சு நிமிடத்துக்கு 30க்குள் இருக்க வேண்டும்.

உணவும் நீரும். "சாப்பாட்டை விட்டுவிட்டது, அப்படியே அமைதியாகப் போய்விடும்" என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. பூனையின் விஷயத்தில் இது பெரும்பாலும் தவறு. இரண்டு மூன்று நாட்கள் உண்ணாமல் இருந்தாலே உடலில் உள்ள கொழுப்பு கல்லீரலில் போய்ச் சேரத் தொடங்கிவிடும். சிறுநீரகம் பழுதான பூனைக்குக் குமட்டலும் வாய்ப்புண்ணும் வரும். அதற்குப் பசி இருக்கும், உண்ண முடியாது. கறுப்பி தன் நீர்க்கிண்ணத்தின் மேல் தலையைத் தொங்கவிட்டு அரைமணி நேரம் நிற்பாள். மோவாய் மயிர் நீரில் நனைந்து சொட்டும். நாக்கு மட்டும் வெளியே வராது. தாகம் தீர்ந்துவிட்டதாக நான் நினைத்துக்கொண்டேன். அது குமட்டல் என்று பிறகுதான் தெரிந்தது.

மீள முடியுமா? இன்றைய மோசமான நிலை சரியாகக்கூடியதா, இல்லையா என்று மருத்துவரிடம் நேரடியாகக் கேளுங்கள்.

சிகிச்சையே தரும் துன்பம். கூடை, பயணம், நாய்களின் குரைப்பு, ஊசிகள், வாயைத் திறந்து திணிக்கும் மாத்திரை. நமக்கு இவையெல்லாம் சிகிச்சை. பூனைக்கு அன்றைய நாளே அவைதான்.

பார்த்துக்கொள்பவரின் தெம்பு. இதைக் கேட்கப் பலர் வெட்கப்படுகிறார்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை. மூன்று இரவுகள் தூங்காதவர் நான்காம் நாள் மருந்து அளவில் தவறு செய்வார்.

நள்ளிரவில் என்ன செய்வீர்கள்? விடியற்காலை 2 மணிக்கு மூச்சுத் திணறினால் யாரை அழைப்பது, எவ்வளவு நேரத்தில் போய்ச் சேர முடியும்? இதற்குப் பதில் இல்லாத எந்த வழியும் முழுமையான வழியில்லை.

இவற்றை எண்ணாக்கிப் பார்க்க விரும்புபவர்களுக்கு அமெரிக்கக் கால்நடைப் புற்றுநோய் மருத்துவர் ஆலிஸ் வில்லலோபோஸ் 2004இல் தந்த அட்டவணை உதவும். வலி (மூச்சுத் திணறலும் இதில் சேரும்), பசி, நீர்ச்சத்து, சுத்தம், மகிழ்ச்சி, நடமாட்டம், கெட்ட நாட்களைவிட நல்ல நாட்கள் கூடுதலா என்பது ஆகிய ஏழுக்கும் 0 முதல் 10 வரை மதிப்பெண். கூட்டுத்தொகை 35க்கு மேல் இருந்தால் வாழ்க்கைத் தரம் ஏற்கத்தக்கது என்பது அதன் கணக்கு. பயனுள்ள கருவிதான். ஆனால் கூட்டுத்தொகையை மட்டும் நம்பக் கூடாது. மூச்சு விடத் திணறும் பூனை மற்ற ஆறிலும் நல்ல மதிப்பெண் வாங்கினாலும் அந்த ஒன்றே முடிவைச் சொல்லிவிடும்.

## வழி 1: சிகிச்சையைத் தொடர்வது

வயதான பூனை படுத்துவிட்டது என்றவுடனே முடிவு வந்துவிட்டது என்று எண்ண வேண்டாம். மிகையான தைராய்டு சுரப்பு பூனையை எலும்பும் தோலுமாக்கிவிடும், மாத்திரையில் தேறும். உயர் ரத்த அழுத்தத்தால் திடீரென்று பார்வை போகலாம், அழுத்தத்தைக் கட்டுப்படுத்தலாம். சொத்தைப் பல், மலச்சிக்கல், மூட்டுவலி, சிறுநீர்த் தொற்று ஆகியவையும் வயோதிகத்தின் வேடம் போட்டு வரும். நாள்பட்ட சிறுநீரக நோய் உள்ள பூனை திடீரென்று சரிந்தால்கூட, சில நாட்கள் நரம்பு வழியாகத் திரவம் ஏற்றியதில் மீண்டு மாதக்கணக்கில் நன்றாக இருப்பதுண்டு. இந்த வாய்ப்பைத் தராமல் விடைகொடுப்பது, பிறகு நெடுநாள் உறுத்தும்.

மறைவான செலவு இங்கே நாட்கள்தான். மிச்சமிருப்பது பத்து நாட்கள் என்றால், அதில் ஆறை ஒரு கம்பிக் கூண்டுக்குள், காலில் ஊசிக்குழாயோடு, அறிமுகமில்லாத வாசனைகளுக்கு நடுவே கழிக்க வேண்டியிருக்கும். மருத்துவமனையில் தனியாக இறந்துபோவதும் இந்த வழியில்தான் அதிகம் நேர்கிறது. "இவ்வளவு செய்துவிட்டோம், இன்னும் ஒரே ஒரு ஸ்கேன்" என்று ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு இழுபடுவதும் இங்கேதான்.

ஆகவே எல்லை வகுத்துக்கொண்டு தொடங்குங்கள். "48 முதல் 72 மணி நேரம் பார்ப்போம். மறுபடி ரத்தப் பரிசோதனை செய்வோம். எண்கள் இறங்காவிட்டால் நிறுத்திவிடுவோம்" என்று மருத்துவரோடு முன்கூட்டியே பேசிவிடலாம். கழுத்து வழியாக உணவுக்குழாய் பொருத்துவதும் இப்படித்தான். மீளக்கூடிய கல்லீரல் நோயில் அது உயிர் காக்கும். முற்றிய புற்றில் அது பட்டினியை மட்டும் நீக்கித் துன்பத்தை நீட்டும். பூனைகளின் வாயில் வரும் செதிள்செல் புற்று பெரும்பாலும் வேகமாகத் தாடையைத் தின்றுவிடுவது. அதற்காக நெடிய போராட்டத்தில் இறங்கும்படி யாருக்கும் நான் சொல்ல மாட்டேன்.

## வழி 2: வீட்டில் தணிப்புச் சிகிச்சை

நோயைத் துரத்தாமல் வலி, குமட்டல், நீர்வறட்சி ஆகியவற்றை மட்டும் அடக்கி, பூனையை அதன் இடத்திலேயே வைத்திருப்பது இந்த வழி. மெதுவாக நகரும் நோய்களுக்கு, குறிப்பாகச் சிறுநீரக நோய்க்கு, நன்றாகப் பொருந்துகிறது. கறுப்பிக்கு நாங்கள் தேர்ந்ததும் இதுதான். ஐந்து மாதங்கள் கிடைத்தன. அவற்றில் நான்கு நல்ல மாதங்கள்.

அன்றாடம் எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். நீர்வறட்சிக்குத் தோலடியில் ஏற்றும் திரவப் பையை வெந்நீர்ப் பாத்திரத்தில் வைத்து உடல் சூட்டுக்குக் கொண்டுவர வேண்டும். சில்லென்று ஏற்றினால் பூனை மறுநாள் உங்களிடம் வராது. தோள்பட்டைகளுக்கு நடுவே தோலைக் கூடாரம் போலத் தூக்கி, அடிப்பகுதியில் ஊசியை நுழைக்க வேண்டும். முதல் நாள் என் கை நடுங்கியதில் ஊசி மறுபக்கம் வெளியே வந்து என் சட்டையெல்லாம் நனைந்தது. இரண்டாம் வாரத்தில் அவள் என் மடியிலேயே தூங்கிவிடுவாள். 100 மி.லி. ஏறிய பிறகு தோளில் ஓர் ஒட்டகத் திமில் எழும். சில மணி நேரத்தில் அது முன்னங்காலுக்கு இறங்கிக் கரைந்துவிடும். குமட்டலுக்கு மாரோபிடான்ட், பசி தூண்ட மிர்டாசபைன், வலிக்குக் கன்னத்துக்குள் விடும் புப்ரெனார்பின் என்று மருந்துகள் இருக்கின்றன. மூட்டுவலிக்கு மாதம் ஒருமுறை போடும் ஊசியும் சில நாடுகளில் கிடைக்கிறது. மணல் தட்டின் ஒரு பக்க விளிம்பைத் தாழ்வாக வெட்டிவிடுங்கள். படுக்கை, நீர், மணல் மூன்றையும் நான்கடி தூரத்துக்குள் கொண்டுவாருங்கள்.

ஓர் எச்சரிக்கையை உரக்கச் சொல்ல வேண்டும்: வீட்டில் இருக்கும் பாரசிட்டமாலைக் கொடுத்துவிடாதீர்கள். ஒரு மாத்திரையே பூனையைக் கொல்லும், அதுவும் மிகுந்த வேதனையோடு.

இந்த வழியின் மறைவான செலவுகள் நிறைய. ஊசி போடத் தெரிந்த ஒருவர் வெளியூர் போகவே முடியாது. மருந்து நேரங்கள் வீட்டையே ஆட்டிவைக்கும். எல்லாவற்றையும்விடக் கசப்பானது, மருந்து கொடுக்கும் கையைப் பூனை அஞ்சத் தொடங்குவது. உங்கள் காலடிச் சத்தம் கேட்டதும் எழுந்து ஓடினால், அந்த மருந்துத் திட்டத்தைக் குறைக்க வேண்டிய நேரம் வந்துவிட்டது.

பலர் மனத்தில் இந்த வழியின் முடிவு "தூக்கத்தில் தானாகப் போய்விடும்" என்பதாக இருக்கிறது. அப்படி நிகழ்வதுண்டு. ஆனால் சிறுநீரகம் முற்றாக நின்ற பூனையின் கடைசி நாட்களில் வாந்தி, வாய்ப்புண், உடல் குளிர்ந்துபோதல், சில வேளை வலிப்பு ஆகியவை வரும். இதய நோயில் நுரையீரலில் நீர் கோத்து மூச்சு முட்டும். வலி மருந்தும், அழைத்தால் வரக்கூடிய மருத்துவரும் இல்லாமல் "இயற்கையாகப் போகட்டும்" என்று விடுவதுதான் இந்த நான்கு வழிகளின் எல்லாத் திரிபுகளிலும் பூனைக்கு அதிக விலை வைப்பது. இதை நான் தயக்கமின்றிச் சொல்வேன். தணிப்புச் சிகிச்சை என்பது கடைசியில் ஊசி தேவைப்படலாம் என்று ஏற்றுக்கொண்டு தொடங்குவது.

## வழி 3: மருத்துவமனையில் ஊசி

கருணைக்கொலை என்ற சொல்லில் உள்ள "கொலை" பலரைத் தடுத்து நிறுத்திவிடுகிறது. சொல்லைத் தள்ளிவைத்துவிட்டு, நடப்பதைப் பாருங்கள். முதலில் தசையிலோ தோலடியிலோ ஒரு மயக்க ஊசி. ஐந்து முதல் பதினைந்து நிமிடங்களில் பூனை ஆழ்ந்து உறங்கிவிடும். பிறகு நரம்பில் பென்டோபார்பிட்டால் என்ற உயிர் பிரிக்கும் மருந்து. சில நொடிகளில் நினைவு முற்றாக நீங்கி, மூச்சும் இதயமும் நின்றுவிடும். கண்கள் மூடாது. சிறுநீர் கழியலாம், தசை துடிக்கலாம், நெஞ்சு ஒன்றிரண்டு முறை எழும்பித் தாழலாம். இவை உயிர் போன பிறகு உடல் செய்பவை. முன்பே தெரியாதவர்கள் "வலித்துவிட்டதோ" என்று பல ஆண்டுகள் வருந்துவதைப் பார்த்திருக்கிறேன்.

மறைவான செலவு பயணம். கூடையைக் கண்டாலே கட்டிலுக்கு அடியில் ஒளியும் பூனைக்குக் கடைசி ஒரு மணி நேரம் பயத்தில் கழியும். புறப்படும் இரண்டு மணி நேரத்துக்கு முன் கொடுக்கும்படி கபாபென்டின் போன்ற, பதற்றத்தைத் தணிக்கும் மருந்தை மருத்துவரிடம் கேட்டு வாங்கலாம். சிறுநீரக நோய் இருந்தால் அளவு குறையும், அதை அவரே சொல்ல வேண்டும். நாளின் முதல் அல்லது கடைசி நேரத்தைக் கேளுங்கள். காத்திருப்பு அறை காலியாக இருக்கும். மயக்க ஊசி முதலில் போடப்படுமா என்று கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். எல்லா இடத்திலும் அது வழக்கமில்லை. முடிந்தால் உள்ளே இருங்கள். முடியாதவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் பழகிய கை தலையில் இருக்கும்போது பூனை அடங்கிப் படுப்பதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

## வழி 4: வீட்டில் ஊசி

முறை அதேதான். இடம் மட்டும் அதன் ஜன்னலோரம், அதன் போர்வை. பயணம் தாங்காத பூனைக்கும், மனிதர்களைக் கண்டு மிரளும் பூனைக்கும், தூக்கினாலே வலிக்கும் பூனைக்கும் இதுவே சிறந்தது. வீட்டில் வேறு பூனை இருந்தால் அது வந்து முகர்ந்து பார்த்துவிட்டுப் போகட்டும். பல பூனைகள் முகர்ந்த பிறகு தேடுவதைக் குறைத்துக்கொள்கின்றன என்பது வளர்ப்பவர்கள் பலரின் அனுபவம்.

கேட்டவுடன் மருத்துவர் கிடைக்க மாட்டார் என்பதுதான் இதன் சிக்கல். நாளை முன்பே குறிக்க வேண்டும். செவ்வாய்க்கிழமை மாலை என்று குறித்துவிட்டு, திங்களன்று பூனை எழுந்து வந்து காலில் உரசினால் மனம் படும் பாட்டுக்குத் தயாராக இருங்கள். அந்த ஒரு நல்ல நாளைக் கண்டு ரத்து செய்துவிட்டு, இரண்டு நாள் கழித்து நள்ளிரவில் அவசரமாக மருத்துவமனைக்கு ஓடியவர்களை அறிவேன். பிறகு அந்த அறை. சிலருக்கு அது ஆறுதல், சிலரால் மாதக்கணக்கில் அங்கே உட்கார முடிவதில்லை. நீங்கள் எந்த வகை என்று உங்களுக்குத்தான் தெரியும்.

## பக்கத்தில் பக்கத்தில்

| அளவுகோல் | சிகிச்சை தொடர்தல் | வீட்டில் தணிப்பு | மருத்துவமனையில் ஊசி | வீட்டில் ஊசி |
|---|---|---|---|---|
| வலி நீங்குவது | நோயைப் பொறுத்தது | மருந்து கிடைத்தால் ஓரளவு | முழுமையாக | முழுமையாக |
| பூனையின் பயம் | அதிகம் | குறைவு, மருந்து நேரம் தவிர | பயணத்தில் அதிகம் | மிகக் குறைவு |
| உங்கள் உழைப்பு | அலைச்சல், காத்திருப்பு | இரவும் பகலும் | ஒரு நாள் | ஒரு நாள், முன் ஏற்பாட்டோடு |
| அவசரத்தில் உதவுமா | ஆம் | இல்லை | ஆம் | அரிதாக |
| மறைவான விலை | கூண்டில் கழியும் நாட்கள் | தூக்கமின்மை, தாமதம் | கடைசிப் பயணம் | நாள் குறிக்கும் வேதனை |
| எப்போது சிறந்தது | மீளக்கூடிய நோய் | மெதுவான நோய், மருத்துவர் அருகில் | மூச்சுத் திணறல், திடீர் சரிவு | நிலை தெளிவு, பூனை இன்னும் அமைதி |

## யோசிக்க நேரம் இல்லாத நிலைகள்

திடீரென்று அலறிக்கொண்டு பின்னங்கால்களை இழுத்துக்கொண்டு நகர்ந்தால், அந்தப் பாதங்கள் சில்லென்று இருந்தால், இதயத்திலிருந்து வந்த ரத்தக்கட்டி கால்களுக்குப் போகும் தமனியை அடைத்திருக்கலாம். தாங்க முடியாத வலி அது. வாயைத் திறந்து மூச்சு வாங்குவது, நிற்காத வலிப்பு ஆகியவையும் அப்படியே. இவற்றில் வழி 2, வழி 4 பற்றிய எண்ணத்தை விட்டுவிட்டு உடனே மருத்துவமனைக்குப் புறப்படுங்கள். முடிவை அங்கே போய் எடுக்கலாம்.

## எந்த நாள்?

வழியைத் தேர்ந்த பிறகும் மிஞ்சுவது இந்தக் கேள்விதான். ஒரு நாள் தாமதத்தைவிட ஒரு வாரம் முந்தியது மேல் என்று கால்நடை மருத்துவர்கள் சொல்வார்கள். கேட்டபோது எனக்குக் கோபம் வந்தது. இப்போது நான் அவர்கள் பக்கம்.

கறுப்பி நன்றாக இருந்த நாட்களிலேயே ஒரு தாளில் மூன்று எழுதி வைத்தேன்: காலையில் ஜன்னல் திண்ணையில் ஏறி வெயில் காய்வது, நான் வந்ததும் வாசலுக்கு வருவது, முன்பாதத்தால் முகம் கழுவுவது. இவற்றில் இரண்டு நின்றால் மருத்துவரை அழைப்பது என்று முடிவு. நாட்காட்டியில் நல்ல நாளுக்கு வட்டம், கெட்ட நாளுக்குப் பெருக்கல் குறி. ஐந்தாம் மாதத்தில் திண்ணையில் ஏறுவது நின்றது. தலையணைகளை அடுக்கிப் படி கட்டினேன். முகம் கழுவுவது நின்றது. ஈரத்துணியால் நான் துடைத்துவிட்டேன். தாளில் இருந்த விதியை நானே சுற்றிக்கொண்டு போனேன். நாட்காட்டியில் தொடர்ந்து மூன்று பெருக்கல் குறிகள் விழுந்த பிறகே அழைத்தேன். அந்த மூன்று நாட்களை அவளிடமிருந்து எடுத்துக்கொண்டது எனக்காகத்தான். அவளுக்காக அதில் ஒன்றுமில்லை. ஆகவே உங்களுக்குச் சொல்கிறேன்: தாளை எழுதி உங்கள் கையில் வைத்துக்கொள்ளாதீர்கள், உங்களைவிடக் கொஞ்சம் விலகி நின்று பார்க்கக்கூடிய ஒருவரிடம் கொடுத்துவிடுங்கள்.

வீட்டில் கருத்து வேறுபாடு வந்தாலும் இந்தத் தாள் உதவும். "உனக்கு இரக்கமில்லை", "நீ அதை வதைக்கிறாய்" என்று பேசுவதற்குப் பதிலாக, எல்லோரும் ஒரே நாட்காட்டியைப் பார்த்துப் பேசலாம்.

குழந்தைகளிடம் "தூங்க வைத்துவிட்டோம்" என்று சொல்லாதீர்கள். அன்றிரவு அவர்கள் தூங்கப் பயப்படுவார்கள். உடல் மிகவும் பழுதாகிவிட்டது, மருத்துவர் வலியில்லாமல் இறக்க உதவினார் என்று நேராகச் சொன்னால் ஐந்து வயதுப் பிள்ளைக்கும் புரிகிறது.

உடலைப் பற்றியும் முன்பே முடிவு செய்யுங்கள். பென்டோபார்பிட்டால் உடலில் நெடுநாள் தங்கும். தோண்டித் தின்னும் நாயும் பறவையும் அதனால் இறந்துபோகலாம். புதைப்பதானால் ஆழமாக, உங்கள் பகுதியின் விதிகளுக்கு உட்பட்டு. எரியூட்டுவதானால் சாம்பல் தனியாக வேண்டுமா என்பதை முன்னதாகவே சொல்லிவிட வேண்டும். அழுதுகொண்டு நிற்கும்போது இதையெல்லாம் கேட்டால் பதில் வராது.

இந்த வாரத்திலேயே, பூனை இன்னும் உங்களை நிமிர்ந்து பார்க்கும்போதே, மருத்துவரிடம் கேட்க வேண்டியவை: இந்த நோயில் கடைசி நாட்கள் எப்படி இருக்கும்? எந்த அறிகுறியைக் கண்டால் நான் காத்திருக்கக் கூடாது? இரவில் யாரை அழைப்பது? வீட்டுக்கு வருவீர்களா, எத்தனை நாள் முன்னதாகச் சொல்ல வேண்டும்? மயக்க ஊசி முதலில் போடுவீர்களா? அப்போது அது என் மடியில் இருக்கலாமா?